காட்டுக் கத்தல் பேண்டுகள தோண்டி எடுக்கிறது எப்படி

முதல்லயே சொல்லிடறேன், கராஜ் ராக், பங்க் எல்லாம் ஸ்ட்ரீமிங் ஆப் காட்டுற "உங்களுக்காக" லிஸ்ட்ட நம்பி தேடுனா ஜென்மத்துக்கும் கிடைக்காது. ஆப் மேல கோவப்பட்டும் பிரயோஜனம் இல்ல. நிறைய பேர் எதக் கேக்குறாங்கங்கிறத வச்சுதான் அது கணக்கு போடுது, நம்ம ஆளுங்க பாதிப்பேர் முன்னூறு காப்பி 45 (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்க சின்ன ரெக்கார்ட்) அடிச்சு, அதையும் ஷோ நடக்கற எடத்துல ஒரு மேஜ போட்டு வித்துட்டு, அடுத்த வருஷமே சண்ட போட்டு கலைஞ்சு போயிருப்பாங்க, இதுல கணக்கு போட என்ன இருக்கு. அதனால மெஷின விட்டுட்டு மனுஷங்கள புடிங்க. யார் ரெக்கார்ட் பண்ணா, யார் வெளியிட்டா, ட்ரம்ஸ் அடிச்சவன் இதுக்கு முன்னாடி எங்க இருந்தான், வேற யார் இத காசு குடுத்து வாங்குனா. நான் கண்டுபுடிச்ச உருப்படியான பேண்ட் எல்லாமே இந்த நாலு கேள்வில ஏதோ ஒண்ணுல மாட்டுனதுதான்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. அறுபதுகள்ல அமெரிக்காவுல ஸ்கூல் பசங்க வீட்டு கார் ஷெட்டுல கிட்டாரும் ஆம்பும் வச்சு தெரிஞ்ச மூணு கார்டுல (கிட்டார்ல பல சுரம் சேத்து அடிக்கிறது) கத்துனதுதான் கராஜ். போர்ட்லண்ட்ல 1963ல கிங்ஸ்மென் ரெக்கார்ட் பண்ண ஒரு பாட்டுல பாடகன் என்ன சொல்றான்னே புரியல, அதுல ஆபாசம் இருக்குன்னு புகார் போய் எஃப்பிஐ உக்காந்து விசாரிச்சு, கடைசில அவங்களுக்கும் புரியல. டாகோமால சோனிக்ஸ்னு ஒரு கூட்டம், முழு ட்ரம் செட்டுக்கும் ஒரே ஒரு மைக் வச்சு 1965ல ஆல்பம் போட்டானுங்க, இன்னிக்கு கேட்டாலும் ஸ்பீக்கர் கிழியற மாதிரிதான் இருக்கும். பங்க்னு நாம சொல்றதோட வேர் இங்க இருக்கு, அதனால ரெண்டையும் தனித்தனியா தேடாதீங்க.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டு கம்பைலேஷன்னு சொல்வேன். ஒரே ஒரு நல்ல பாட்டு போட்டுட்டு காணாம போன பேண்டுங்கதான் இந்த உலகத்துல மெஜாரிட்டி, அவங்களுக்கு ஆல்பமே கிடையாது, தொகுப்புலதான் சிக்குவாங்க. 1972ல லென்னி கே தொகுத்த நக்கெட்ஸ், ரெட்ட எல்பி, 27 பாட்டு, அங்கேர்ந்து ஆரம்பிங்க. அந்த லென்னி கேதான் அப்புறம் பாட்டி ஸ்மித்ங்கிற பங்க் பாடகி கூட கிட்டார் வாசிச்சவர், அந்த ஆல்பத்துக்குள்ள அவர் எழுதுன குறிப்புலயே "பங்க் ராக்"ங்கிற வார்த்தை வருது, ரமோன்ஸ்ங்கிற பங்க் பேண்டோட மொத ஆல்பத்துக்கு நாலு வருஷம் முன்னாடி. ஆனா நக்கெட்ஸ்ல கொஞ்சம் ரேடியோல ஓடுன பாட்டும் கலந்து இருக்கும், ஒரு மாதிரி சாஃப்ட்டா இருக்கேன்னு தோணிச்சுன்னா நீங்க அடுத்த படிக்கு ரெடின்னு அர்த்தம். அடுத்த படி, க்ரிப்ட் ரெக்கார்ட்ஸ் டிம் வாரன் 1983ல ஆரம்பிச்ச பேக் ஃப்ரம் தி கிரேவ் வரிசை. ஊர் பேர் தெரியாத பசங்க, சுருதி சேராத கிட்டார், பாதில உடையற குரல், அந்த ஆள் இதுக்காக பழைய 45களையும் அத வாசிச்சவங்களையும் தேடி அலைஞ்சிருக்கார். எழுபதுகளோட கடைசில வந்த பங்க் பக்கம் இதே வேலைய செஞ்சது கில்ட் பை டெத் வரிசை, அனுமதி வாங்காம போட்ட பூட்லெக்தான், ஆனா கலெக்டர்கள் இன்னிக்கும் அந்த மாதிரி சவுண்டையே கேபிடின்னுதான் கூப்பிடறாங்க. தேடும்போது அந்த மூணு எழுத்த போட்டுப் பாருங்க, வேற கதவு தொறக்கும்.

தொகுப்ப ஆல்பம் மாதிரி முழுசா ஓட்டிட்டு "நல்லா இருந்துச்சு"ன்னு மூடி வச்சிடாதீங்க, ஒண்ணும் மனசுல நிக்காது. ஒரு தொகுப்புக்கு மூணே மூணு பாட்டு. உங்கள தூக்கிப் போட்ட மூணு. அந்த மூணு பேண்ட் பேர நோட்டுல எழுதி, அது எந்த லேபிள் (ரெக்கார்ட வெளியிட்ட கம்பெனி), எந்த வருஷம், எந்த ஊர்னு பக்கத்துல எழுதுங்க. ஊர் முக்கியம், ஏன்னா ஒரு ஊர்ல ஒரு வெறி புடிச்ச பேண்ட் இருந்தா அதே ரிகர்சல் ரூம்ல இன்னும் நாலு இருந்திருக்கும்.

இப்ப லேபிள் விஷயம், இதுல கொஞ்சம் நின்னு சொல்லணும். பெரிய கம்பெனில லேபிள் பேருக்கு அர்த்தம் கிடையாது, ஆனா இந்த உலகத்துல லேபிள்னா ஒருத்தரோட காது. எஸ்ட்ரஸ், க்ரிப்ட், இன் தி ரெட், நார்ட்டன், டர்ட்நாப், ஸ்லோவன்லி, டோட்டல் பங்க், இதெல்லாம் ஒரு ஆளோ ரெண்டு ஆளோ தன் டேஸ்டுக்கு நடத்துனது, நடத்தறது. மெம்ஃபிஸ்ல கோனர் ரெக்கார்ட்ஸ எடுத்துக்குங்க, ஒப்லிவியன்ஸ் பேண்டோட எரிக் ஃப்ரீடல் 1993ல ஆரம்பிச்சது, எதுக்குன்னா ஜப்பான்லேர்ந்து வந்த கிட்டார் உல்ஃப்னு ஒரு பேண்டோட சத்தத்த வெளில கொண்டு வர. அதே லேபிள் 1998ல ரீட்டார்ட்ஸ்னு உள்ளூர் டீனேஜ் பசங்க ஆல்பத்த போட்டுச்சு, அதுல கத்துற பையன் ஜே ரீட்டார்ட் 2006ல இன் தி ரெட் லேபிள்ல தனியா ஒரு ஆல்பம் போட்டான், அது அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், கேட்டுட்டு எழுந்திரிக்க முடியல எனக்கு. பாருங்க, ஒரு லேபிள்ல நுழைஞ்சு அடுத்த லேபிளுக்கு வந்தாச்சு. ரெக்கார்ட் விவரமெல்லாம் சேத்து வச்சிருக்க டிஸ்காக்ஸ் சைட்டுல லேபிள் பக்கத்த தொறந்து கேட்டலாக் நம்பர் வரிசைல மொத பத்து ரிலீஸ் மட்டும் கேளுங்க, கைல காசில்லாம பைத்தியம் புடிச்சு போட்டதெல்லாம் அதுலதான் இருக்கும். சிம்பதி ஃபார் தி ரெக்கார்ட் இண்டஸ்ட்ரி மாதிரி நூத்துக்கணக்குல வெளியிட்ட லேபிள்ல மட்டும் இந்த வழி வேலைக்கு ஆகாது, கடல் அது, ஆள் பேர் வச்சுதான் எறங்கணும்.

ஆள் பேர்னா கிரெடிட்ஸ். பாடகனோட பேர் எல்லாருக்கும் தெரியும், நீங்க பாக்க வேண்டியது ரெக்கார்டிங் எங்க நடந்துச்சு, மாஸ்டரிங் (அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா சத்தத்த சரி பண்ற வேல) யாருங்கிறது. லண்டன்ல லியாம் வாட்சன் நடத்துன டோ ராக்னு ஒரு ஸ்டூடியோ, பழைய டேப் மெஷின்தான் எல்லாம், ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் 2003ல பெரிய ஆல்பத்த அங்கதான் முக்காவாசி பண்ணாங்க, ஆனா அந்த ஸ்டூடியோ பேர புடிச்சு பின்னாடி போனீங்கன்னா பில்லி சைல்டிஷோட ஹெட்கோட்ஸ்ல போய் நிப்பீங்க, அந்த மனுஷன் எத்தன ரெக்கார்ட் போட்டிருக்கார்னு எண்ணி முடிக்கவே முடியாது. டெட்ராய்ட்ல மிக் காலின்ஸ புடிச்சா கோரீஸ் வரும், பேஸ் கிட்டாரே இல்லாத பேண்ட், ரெண்டு கிட்டார் ஒரு ட்ரம்ஸ் அவ்ளோதான், அங்கேர்ந்து டர்ட்பாம்ஸ், அதுல ரெண்டு பேஸ் ரெண்டு ட்ரம்ஸ், ஒரே ஆள், ரெண்டு துருவம். ஆஸ்திரேலியா பக்கம் மைக்கி யங்ங்கிற பேர் பாதி ரெக்கார்டோட பின்னாடி மாஸ்டரிங்னு இருக்கும், அவரோட எடி கரண்ட் சப்ரஷன் ரிங் மெல்பர்ன்ல ரெக்கார்ட் அடிக்கிற பேக்டரில வேல பாத்தவங்க அங்க நடந்த கிறிஸ்மஸ் பார்ட்டில சும்மா வாசிக்கப்போய் உருவான பேண்ட்.

கவர் பாட்டு இன்னொரு கயிறு. உங்களுக்கு புடிச்ச பேண்ட் யாரோட பாட்ட எடுத்து வாசிக்குதுன்னு பாருங்க, தனக்கு புடிச்சத அவங்களே விரல் நீட்டி காட்டுற மாதிரி அது. க்ராம்ப்ஸ் 1980 ஆல்பத்துல சோனிக்ஸ் பாட்டு இருக்கு. தி ஃபால் மங்க்ஸ் பாட்ட எடுத்துருக்காங்க, மங்க்ஸ்னா ஜெர்மனில இருந்த அமெரிக்க சிப்பாய்ங்க, நடு மண்டைய மழிச்சுக்கிட்டு துறவி வேஷத்துல பேஞ்சோவுக்கு மைக் மாட்டி வாசிச்சவங்க, 1966ல ஒரே ஆல்பம். க்ராம்ப்ஸ் கவர் பண்ண ஒரிஜினல்கள மட்டும் வரிசையா தேடுனாலே ஒரு வருஷம் ஓடும்.

பேண்டுங்க தங்க பாட்ட நேரா விக்கற பேண்ட்கேம்ப் சைட்டுல தேடறதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, யாருக்கும் சொல்லாம வச்சுக்கலாம்னு கூட நெனச்சேன். ஆல்பம் பக்கத்துல வாங்குனவங்களோட குட்டி குட்டி போட்டோ இருக்கும்ல, அத க்ளிக் பண்ணா அந்த ஆள் வாங்குன மொத்த கலெக்ஷனும் தெரியும். உங்களுக்கு ரொம்ப புடிச்ச, ஆனா அம்பது அறுபது பேருக்கு மேல வாங்காத ஒரு ரிலீஸ எடுங்க, பிரபலமான ஆல்பம்னா இந்த வேல பலிக்காது, அதுல நாலஞ்சு பேரோட கலெக்ஷன பாருங்க, உங்களோடது மூணு அவங்ககிட்டயும் இருந்தா நாலாவது என்னன்னு கேட்டுப் பாருங்க. முகம் தெரியாத ஒருத்தரோட காத கடன் வாங்கி ஆறு மாசம் ஓட்டியிருக்கேன் நான். டேக்ல தேடறதா இருந்தா வெறும் பங்க்னு போடாதீங்க, குப்பை கொட்டும், எக் பங்க், பட்ஜெட் ராக், லோ ஃபை கராஜ் இப்படி குறுக்கிக்கிட்டே போங்க, இல்ல ஒரு ஊர் பேரோட சேத்து தேடுங்க. எக் பங்க்னா என்னன்னு கேட்டா, வேகமா, கிறுக்குத்தனமா, சிந்தசைஸர் சிணுங்க, டேப்ல மட்டமா ரெக்கார்ட் பண்ணது, இண்டியானால கோன்ஹெட்ஸ், சிட்னில ஜீ டீ, இவங்கள கேட்டா ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடும்.

ரேடியோவ மறந்துடாதீங்க. ஜெர்சி சிட்டில டபிள்யூஎஃப்எம்யூன்னு விளம்பரமே இல்லாம நேயர்கள் குடுக்குற காசுல ஓடற ஸ்டேஷன், பழைய நிகழ்ச்சியும் பாட்டு லிஸ்ட்டும் நெட்ல அப்படியே கெடக்கு. ஒரு டிஜே செட் ஆயிட்டா அவர் பின்னாடியே போங்க. மேக்ஸிமம் ராக்கண்ட்ரோல் 1982லேர்ந்து 2019 வரைக்கும் அச்சுல வந்த பங்க் பத்திரிக்கை, பெரிய கம்பெனி ரெக்கார்ட விமர்சனமே பண்ண மாட்டோம்னு பிடிவாதமா இருந்தவங்க, பழைய இதழ்ல விமர்சனப் பக்கத்த விட விளம்பரப் பக்கத்த மேயுங்க, சின்ன லேபிள்கள் எல்லாம் வரிசையா அங்க நிக்கும்.

தேடும்போது பேர் விஷயத்துல ஏமாறாதீங்க. தி-ன்னு போடற எடத்துல வேணும்னே ஒரு எழுத்து கூட்டி தீன்னு இழுப்பானுங்க, ஓ சீஸ் பேண்ட் இருக்கே, ஓசிஎஸ், தீ ஓ சீஸ், ஓ சீஸ், ஒசீஸ்னு பேர மாத்திக்கிட்டே இருக்கும், எல்லாம் ஜான் ட்வையர்தான். டெத்னு தேடுனா மெட்டல் பேண்ட் வரும், நமக்கு வேண்டியது டெட்ராய்ட் அண்ணன் தம்பி மூணு பேர், ஹாக்னி பிரதர்ஸ், 1975ல ரெக்கார்ட் பண்ணது 2009லதான் ஆல்பமா வந்துச்சு, டெத்ங்கிற பேர மாத்த மாட்டோம்னு சொன்னதால அப்ப எந்த பெரிய கம்பெனியும் வெளியிடல. மம்மீஸ்னு உடம்பு பூரா கட்டு சுத்திக்கிட்டு வாசிச்ச கலிஃபோர்னியா ஆளுங்க சிடியே வேணாம்னு வருஷக்கணக்கா அடம் புடிச்சாங்க. ஆப்ல இல்லன்னா பேண்டே இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க, அதுக்குத்தான் சொல்றேன். அமெரிக்கா, இங்கிலாந்தோடயும் நின்னுடாதீங்க, பெருவுல லாஸ் சைகோஸ் 1965லயே தொண்ட கிழிய கத்திட்டாங்க, பிரிஸ்பேன்ல செயின்ட்ஸ் 1976ல தங்க சொந்த காசுல சிங்கிள் போட்டாங்க.

காது பழகறது பத்தி ஒண்ணு. மொத தடவ எல்லாமே ஒரே இரைச்சலா கேக்கும், நம்ம காதுல ஒண்ணும் கோளாறு இல்ல. பாடற குரல விட்டுட்டு ட்ரம்ஸ மட்டும் புடிச்சு ரெண்டு தடவ கேளுங்க, கட்டமைப்பு வெளில வரும். விலை ஒசந்த ஹெட்ஃபோன்ல கேக்காதீங்க, சாதா ஸ்பீக்கர்ல சத்தமா வைங்க, அந்த மாதிரி ஓட்ட ஸ்பீக்கருக்குத்தான் இதெல்லாம் மிக்ஸ் பண்ணிருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நேர்ல ஷோ போனா மொத பேண்டுக்கே போங்க, போஸ்டர்ல கடைசி வரில சின்ன எழுத்துல இருக்கே, அவங்களுக்காகத்தான் போறீங்கன்னு வச்சுக்குங்க. காதுல அடைப்பான் கட்டாயம், இதுல வீரம் காட்டாதீங்க, வந்த இரைச்சல் போகாது. அப்புறம் மேடைல நிக்கறவன் போட்டிருக்க டி ஷர்ட்ட பாருங்க, அதுல ஒரு பேண்ட் பேர் இருக்கும், நான் நாலு பேண்ட் அப்படியே புடிச்சேன். முடிஞ்சதும் மேஜைக்கு போய் ட்ரம்மர் கிட்ட பேச்சு குடுங்க, பாடகன் தன்ன பத்தி பேசுவான், ட்ரம்மர் ஒரே நேரத்துல மூணு பேண்ட்ல இருப்பான், மூணையும் சொல்வான்.

வாங்கறதுல ஒரு அடி வாங்கியிருக்கேன். மொத ப்ரெஸ்ஸிங்னு சொல்லி ஒருத்தர் ஒரு 45அ என் தலைல கட்டிட்டார், ரொம்ப நாள் கழிச்சுதான் ரெக்கார்ட் நடுவுல ஒட்டியிருக்க காகித லேபிளுக்கு பக்கத்துல வழவழன்னு இருக்க வளையத்துல பொறிச்சிருக்க நம்பர டிஸ்காக்ஸ்ல சரி பாத்தேன், மறுபதிப்பு. பாட்டு என்னவோ அதேதான், அதனால காச மறுபதிப்புலயே போடுங்க, மிச்சத்துக்கு இன்னும் மூணு பேண்ட் வாங்கலாம்.

அப்புறம் பேண்ட்கேம்ப்ல காசு குடுத்தோ இலவசமாவோ எடுத்தத உடனே டவுன்லோட் பண்ணி வேற எடத்துலயும் ஒரு காப்பி வைங்க. பேண்ட் கலைஞ்சா கோவத்துல பக்கத்தயே அழிச்சிட்டு போயிடுவானுங்க. நாலு பாட்டு டெமோ ஒண்ணு, நாளைக்கு எடுத்துக்கலாம்னு விட்டேன், மறுவாரம் பக்கமே இல்ல, மூணாவது பாட்டோட கிட்டார் மட்டும் இன்னும் மண்டைல ஓடுது, பேண்ட் பேர் கூட எழுதி வைக்கல.