செப்டம்பர் 11ஐ வச்சு ஒரு "வரலாற்றில் இன்று" பலகை எழுதிப் பழகுவம்

ஊர் வாசிகசாலையில, பள்ளிக்கூடத்தில, இல்லாட்டி வட்சப் குரூப்பில ஒவ்வொரு நாளும் "வரலாற்றில் இன்று" எண்டு போட விரும்புற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். கனபேர் செய்யிறது என்னெண்டா காலமை எழும்பி கூகிளில திகதியை அடிச்சு, வாற முப்பது வரியையும் அப்பிடியே கொப்பி பண்ணி விடுறது. அதில ஐரோப்பாவில நடந்த சண்டை பத்து, ஆரெண்டே தெரியாத விளையாட்டு வீரரின்ர பிறந்தநாள் பத்து இருக்கும், எங்கட மண்ணில நடந்த ஒண்டும் இருக்காது, ஏனெண்டா எங்கட விசயத்தை அங்க ஆரும் போடேல்லை. அதை நாங்கள்தான் தேடிப் போடோணும், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பலகையே எண்டு நான் நினைக்கிறன்.

முதல்ல ஒரு தடிச்ச கொப்பி வாங்குங்கோ, ஒரு நாளுக்கு ஒரு பக்கம் எண்டு 366 பக்கத்துக்கு திகதி போடுங்கோ, பெப்ரவரி 29ஐ விட்டிடாதேங்கோ. இண்டைய நாளுக்கு இண்டைக்கே தேடத் தொடங்கினா சரிவராது, அவசரத்தில பிழையான தகவல்தான் போகும், ரெண்டு கிழமை முன்னுக்கு ஓடுங்கோ. நான் இதில செப்டம்பர் 11ஐ எடுத்துக் காட்டுறன், ஏனெண்டா இந்த வேலையில வாற சிக்கல் முக்கால்வாசி அந்த ஒரு நாளுக்குள்ளயே கிடக்கு.

அந்தப் பக்கத்தில கிடைக்கிறதெல்லாத்தையும் முதல்ல கொட்டி வையுங்கோ. 1889 இந்து சாதனம் பத்திரிகை தொடங்கினது. 1893 விவேகானந்தர் சிக்காகோ சர்வமத மாநாட்டில பேசினது. 1906 காந்தி ஜொகன்னஸ்பேக்கில இந்தியரைக் கூட்டி, பதிவுச் சட்டத்துக்குப் பணியிறேல்லை எண்டு சத்தியம் எடுக்கவச்ச கூட்டம், சத்தியாக்கிரகத்தின்ர தொடக்கம் அதுதான். 1921 பாரதியாற்றை மறைவு. 1948 ஜின்னா இறந்தது. 1973 சிலியில இராணுவம் ஆட்சியைப் பிடிச்சு சனாதிபதி அலெண்டே செத்தது. 2001 நியூயோர்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல். பிறந்தநாள் எண்டா 1862 சிறுகதை எழுதின ஓ ஹென்றி, 1885 டி. எச். லோறன்ஸ், 1895 வினோபா பாவே. இன்னும் தேடினா இன்னும் வரும்.

இனி வெட்டுறது. ஒவ்வொரு வரியையும் பாத்து, "ஒரு பிள்ளை வந்து ஏன் எண்டு கேட்டா ரெண்டு வசனம் என்னால சொல்ல ஏலுமோ" எண்டு யோசியுங்கோ, ஏலாட்டி அதை எடுத்துவிடுங்கோ. பலகையில அஞ்சு வரிக்கு மேல போடாதேங்கோ, பஸ்ஸுக்கு நிக்கிற சனம் அஞ்சு வரிதான் வாசிக்கும்.

வெட்டின பிறகு மிஞ்சிறதுக்கு ஊர் நூல் கட்டோணும். இது எனக்கு மிச்சம் பிடிச்ச வேலை. விவேகானந்தர் சிக்காகோவில பேசினவர் எண்டதை எல்லாரும் எழுதுவினம், ஆனா அவர் அங்கயிருந்து திரும்பி வரேக்க 1897 ஜனவரியில யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில வேதாந்தத்தைப் பற்றிப் பேசினவர் எண்டதைச் சேர்த்து எழுதிப் பாருங்கோ, அந்தக் கல்லூரிப் பெடியன் அந்த வரியில நிண்டுதான் போவான். காந்தியும் அப்பிடித்தான், 1927 நவம்பர் கடைசியில யாழ்ப்பாணம் வந்தவர், வாலிப காங்கிரஸ்காரர் கூப்பிட்டு வந்தவர். இப்ப ஜொகன்னஸ்பேக் அவ்வளவு தூரமாத் தெரியாது.

இந்து சாதனத்தைத் தலைப்பு வரியாப் போடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். 1879ல சைவத்துக்கு உழைச்ச ஆறுமுக நாவலர் போயிட்டார், 1888ல சைவ பரிபாலன சபை தொடங்குது, அடுத்த வருசமே செப்டம்பர் 11ல சபை தனக்கெண்டு ஒரு பத்திரிகையைக் கொண்டு வருது. அதுக்கு 48 வருசம் முந்தி, 1841 ஜனவரி 7லயே, அமெரிக்க மிசன்காரர் உதயதாரகையைத் தொடங்கிட்டினம், அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்ல சைவப் பக்கத்துக்கும் ஒரு பேப்பர் தேவைப்பட்டது. இப்பிடி ஒரு திகதி இன்னொரு திகதியை இழுத்துக்கொண்டு வரும், வரேக்க ஜனவரி 7 பக்கத்திலயும் ஒரு குறிப்பு எழுதி வச்சிடுங்கோ, பிறகு தேடத் தேவையில்லை.

ஊர்த் தகவலுக்கு எங்க போறது எண்டா, நூலகம் இணையத்தளத்தில பழைய பத்திரிகை, மலர், நினைவு வெளியீடு எல்லாம் ஸ்கான் பண்ணி வச்சிருக்கினம், காசில்லாமல் வாசிக்கலாம். பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், கோயில் கும்பாபிசேக மலர், தேவாலயப் பதிவு, பிறகு கல்வெட்டு எண்டு நாங்கள் சொல்லுற, செத்தவையின்ர நினைவுப் புத்தகம். ஆரும் செத்தா 31ஆம் நாள் குடுக்கிற கல்வெட்டை எங்கட வீடுகளில அலுமாரிக்க கட்டிக் கட்டி வச்சிருக்கினம், ஊர் வாத்திமார், வைத்தியர், நாடகக்காரர் இவையின்ர பிறப்பு இறப்புத் திகதி வேற எங்கயும் கிடைக்காது. 1981ல யாழ்ப்பாணப் பொது நூலகத்தோட எரிஞ்ச 97,000 புத்தகத்தில, ஏட்டில என்னென்ன திகதி போச்சோ, அதால மிஞ்சிக் கிடக்கிற ஒரு கல்வெட்டும் எனக்குச் சின்னச் சாமானாத் தெரியிறேல்லை.

இனித்தான் சரிபாக்கிற வேலை, இதில அவசரப்படாதேங்கோ.

நடுச்சாமம். பாரதியார் மறைஞ்சது செப்டம்பர் 11 எண்டு கனபேர் எழுதுவினம், தமிழ்நாடு அரசும் 2021ல இருந்து அந்த நாளைத்தான் மகாகவி நாள் எண்டு கொண்டாடுது. ஆனா உயிர் போனது 11ஆம் திகதி இரவு 12 மணி தாண்டி, விடியப்புறம் 1.30 மணியளவில, இங்கிலிஸ் கணக்கில அது 12. எங்கட ஆக்களுக்கு விடிஞ்சாத்தானே அடுத்த நாள், அதால அந்த இரவை 11 எண்டே சொல்லிப் பழகிட்டினம். இப்பிடி வந்தா ஒண்டைத் தெரிஞ்சு மற்றதை மறைக்காதேங்கோ, "11 இரவு கழிந்து 12 அதிகாலை" எண்டு ரெண்டையும் எழுதுங்கோ. பொது நூலகம் எரிஞ்சதும் இதே மாதிரித்தான், 1981 மே 31 இரவு, யூன் 1 எண்டு ரெண்டு திகதியும் புழக்கத்தில இருக்கு, ஒண்டை மட்டும் போட்டா கட்டாயம் ஆரும் வந்து பிழை எண்டு சொல்லுவினம், ரெண்டையும் சேர்த்துப் போட்டா என்ன நடந்தது எண்டு விளங்கும்.

அடுத்தது வெளிநாட்டு நேரம். விதி லேசு, நடந்த இடத்துத் திகதியைத்தான் பாவிக்கோணும். விவேகானந்தர் பேசினது சிக்காகோவில மத்தியானத்துக்குப் பிறகு, அந்த நேரம் இங்க 12ஆம் திகதி பிறந்திட்டுது, ஆனாலும் 11 எண்டுதான் எழுதோணும். சந்திரனில அப்பலோ 11 இறங்கினது உலகக் கணக்கில 1969 யூலை 20, இங்க மணிக்கூட்டில 21ஆம் திகதி விடியப்புறம் 1.47. சந்திரனுக்கு ஊர்த் திகதி இல்லைத்தானே, உலக நேரத்தை எடுத்து, பக்கத்தில எங்கட நேரத்தையும் போட்டுவிடுங்கோ, பிள்ளையளுக்கு அது வடிவாப் பிடிக்கும். நேரம் மாத்தேக்க ஒரு விசயம் கவனம், 1996 கடைசியில இருந்து 2006 ஏப்ரல் வரைக்கும் இலங்கை மணிக்கூடு இப்ப இருக்கிறதை விட அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடினது. அதால 2001ல முதல் விமானம் கோபுரத்தில மோதின காலமை 8.46, இங்க பின்னேரம் 6.46, இண்டைய கணக்கில பாத்து 6.16 எண்டு எழுதினா பிழை.

பழைய கலண்டர். 1752ல இங்கிலாந்தில செப்டம்பர் 11 எண்ட நாளே வரேல்லை, செப்டம்பர் 2 படுத்த சனம் 14ஆம் திகதி எழும்பினது, பழைய கலண்டரில இருந்து புதுசுக்கு மாறினதால 11 நாள் வெட்டுப்பட்டது. அதுக்கு முந்தின இங்கிலாந்துத் திகதி எதையும் ஒருக்கா ரெண்டுதரம் பாருங்கோ, நியூட்டன் பிறந்தது பழைய கணக்கில 1642 டிசம்பர் 25, புதுக் கணக்கில 1643 ஜனவரி 4. ரஷ்யா 1918 வரைக்கும் மாறேல்லை, அதுதான் ஒக்டோபர் புரட்சியை நவம்பர் 7ல கொண்டாடுறது.

எங்கட ஊரில இதை விடப் பெரிய பொறி ஒண்டு இருக்கு. பழைய பேப்பரில, கல்வெட்டில "புரட்டாதி 11" எண்டு கிடந்தா அது ஆர்ற கணக்கு? நாங்கள் செப்டம்பரையே புரட்டாதி எண்டும் எழுதுவம், அப்ப அது செப்டம்பர் 11. பஞ்சாங்கப் புரட்டாதி எண்டா அது செப்டம்பர் கடைசிக் கிழமைக்குப் போயிடும். கண்டுபிடிக்க வழி கிழமைதான், பக்கத்தில "வியாழக்கிழமை" எண்டு கிடந்தா போனில அந்த வருசத்துக் கலண்டரை எடுத்து ரெண்டு திகதிக்கும் கிழமை பாருங்கோ, பொருந்திறது எதுவோ அதுதான். கிழமை இல்லாட்டி கல்வெட்டில திதி வெண்பாவைத் தேடுங்கோ, அதில வருசம், மாதம், பக்கம் (வளர்பிறையோ தேய்பிறையோ எண்டது), திதி எல்லாம் பாட்டிலயே வரும். வருசப் பேர் 60 வருசத்துக்கு ஒருக்காச் சுத்தி வரும் எண்டதையும் மறக்காதேங்கோ, பிரபவ எண்டா 1927 சித்திரையில தொடங்கினதாயும் இருக்கலாம், 1987 சித்திரையில தொடங்கினதாயும் இருக்கலாம், செத்தவற்றை பேரப்பிள்ளையளின்ர வயசைப் பாத்தாலே எது எண்டு தெரிஞ்சிடும். அதோட தை, மாசி, பங்குனியில நடந்ததுக்கு இங்கிலிஸ் வருசம் ஒண்டு கூடும்.

குருபூசை நாளையும் பிறந்தநாளையும் குழப்பாதேங்கோ. நாவலர் பிறந்தது 1822 டிசம்பர் 18, மறைஞ்சது 1879 டிசம்பர் 5, ஆனா அவற்றை குருபூசை கார்த்திகை மகத்தில, யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின்ர குருபூசை பங்குனி ஆயிலியத்தில, நட்சத்திரம் பாத்துச் செய்யிறதால வருசத்துக்கு வருசம் திகதி மாறும். கொப்பியில நிரந்தரப் பக்கத்தில எழுதாமல் அந்தந்த வருசம் பஞ்சாங்கம் பாத்துப் பென்சிலால எழுதி வையுங்கோ. வாக்கியம், திருக்கணிதம் எண்டு ரெண்டு பஞ்சாங்கமும் எங்கட ஊரில இருக்கு, உங்கட கோயில் எதைப் பாக்குதோ அதையே பாருங்கோ.

பிறந்தநாள் வரிசையில நடிகர் நடிகையளை நான் முழுக்க விடச் சொல்லமாட்டன், ஒண்டு இருந்தா சனம் வந்து பாக்கும், ஆனா ஒண்டு போதும். பள்ளிக்கூடப் பலகை எண்டா அண்டைக்குப் பிறந்த பிள்ளையின்ர பேரையும் போடுங்கோ, அதைப் போட்டோ எடுத்து பேஸ்புக்கில விடாதேங்கோ. ஒரு வகுப்பில 23 பிள்ளையள் இருந்தாலே ரெண்டு பேருக்கு ஒரே நாள் பிறந்தநாள் வர 50 வீதத்துக்கு மேல வாய்ப்பிருக்கு, 40 பிள்ளையள் எண்டா கிட்டத்தட்ட 89 வீதம், கணக்கு ரீச்சரிட்டச் சொன்னா அதையே ஒரு பாடமா எடுப்பா.

செத்த வீட்டையும் பிறந்தநாளையும் பக்கத்தில பக்கத்தில எழுதாதேங்கோ. டிசம்பர் 26 எண்டா எங்கட கரையோரச் சனத்துக்கு 2004 சுனாமிதான், அண்டைக்கு அதை மட்டும் எழுதி மற்ற இடத்தை வெறுமையா விடுங்கோ, கணினிக்கு வழிகாட்டின சார்ல்ஸ் பாபேஜ் 1791ல அதே நாள் பிறந்தவர்தான், அவரை வேறொரு நாள் கணினிப் பாடத்தோட சொல்லலாம்.

எல்லாம் சரிபாத்த பிறகு வெண்கட்டியால எழுதப்போற பலகை இப்பிடி வரும்:

செப்டம்பர் 11
1889 – சைவ பரிபாலன சபையின் "இந்து சாதனம்" யாழ்ப்பாணத்தில் தொடக்கம்.
1893 – சிக்காகோவில் விவேகானந்தர் உரை. 1897ல் யாழ் இந்துக் கல்லூரியிலும் பேசினார்.
1906 – ஜொகன்னஸ்பேக்கில் காந்தியின் கூட்டம். 1927ல் யாழ்ப்பாணம் வந்தார்.
1921 – பாரதியார் மறைவு (11 இரவு கழிந்து 12 அதிகாலை).
2001 – நியூயோர்க் கோபுரத் தாக்குதல், கிட்டத்தட்ட 3000 பேர் பலி.

வினோபா பாவேயை இதில விட்டது இடம் காணாததால, அடுத்த வருசம் அவரைப் போட்டு வேற ஒண்டை எடுக்கலாம், வருசா வருசம் ஒரே பலகையை எழுதத் தேவையில்லைத்தானே. 12ஆம் திகதிக்கு பாரதியார் திரும்ப வருவார், அவரோட 1832ல சிறுப்பிட்டியில பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் வருவார், ஏட்டில கிடந்த கலித்தொகையை 1887ல அச்சில கொண்டு வந்த மனுசன், அண்டைக்குத் தலைப்பு வரி அவருக்குத்தான்.

பலகையின்ர அடியில ரெண்டு வரி இடம் விடுங்கோ, ஊர் ஆக்கள் வந்து "இண்டைக்குத்தான் எங்கட வாசிகசாலை திறந்தது" எண்டு சொல்லுவினம், சொன்னா உடன பலகையில ஏத்தாமல் கொப்பியில எழுதி, ஆர் சொன்னது, எந்த மலரில கிடக்கு எண்டு பக்கத்தில குறிச்சு, ரெண்டாவது இடத்திலயும் அதே திகதி கிடைச்சாப் பிறகு அடுத்த வருசம் போடுங்கோ.