ரெண்டாந்தரம் ஏ.எல் எடுக்கப்போறீங்களோ? பிழைக் கொப்பியில இருந்து தொடங்குங்கோ

ஏ.எல் எண்டது இலங்கையில பல்கலைக்கழகம் போறதுக்கு எழுதுற சோதினை. அந்த ரிசல்ட்ஸ் வந்து ரெண்டு மூண்டு நாளைக்கு வீட்டில ஒருத்தரும் சத்தமாக் கதைக்க மாட்டினம், அம்மா சோத்தைப் போட்டு வைச்சிட்டு "சாப்பிடு" எண்டு மட்டும் சொல்லுவா, கனடாவில இருந்து மாமா எடுத்தா அப்பா ஃபோனைக் கொண்டுபோய் முற்றத்தில நிண்டு கதைப்பார். எனக்கு முதல்தரம் இணைந்த கணிதம் எஸ், பௌதிகம் எஸ், இரசாயனம் சி. எஸ் எண்டது ஆகக் குறைஞ்ச பாஸ், சி அதுக்கு அடுத்தது. ரெண்டாந்தரம் எடுத்துத்தான் கம்பஸ் எடுபட்டனான். இப்ப பின்னேரங்களில கொஞ்சப் பிள்ளையளுக்குக் கணிதம் சொல்லிக்குடுக்கிறன், ஒவ்வொரு வருசமும் அதே முகத்தோட ரெண்டு மூண்டு பேர் வந்து நிப்பினம். அவையளுக்குச் சொல்லுறதைத்தான் இதில எழுதுறன்.

முதல் கிழமையில செய்ய வேண்டிய அலுவல் கொஞ்சம் இருக்கு, அதை முடிச்சிடுங்கோ. ரீகரெக்சன் போடுறதெண்டால் போடுங்கோ, ஆனா அது வரட்டும் பாப்பம் எண்டு புத்தகத்தை மூடி வைச்சிருக்காதேங்கோ, எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் அப்பிடியே ரெண்டு மாசத்தை விட்டவன். அடுத்த சோதினைக்கு பிரைவேட்டா அப்ளை பண்ணுற கடைசித் திகதியை சுவரில எழுதி ஒட்டுங்கோ. பல்கலைக்கழக அனுமதிக்கு மூண்டு தரத்துக்கு மேல எடுத்தா கணக்கெடுக்க மாட்டினம், அதால ஒவ்வொரு தரமும் பெறுமதியானது.

பிறகு சனம். கோயிலடியில, சந்தையில, ரோட்டில மறிச்சு "என்ன பிள்ளை ரிசல்ட் எப்பிடி" எண்டு கேப்பினம். "இந்தமுறை காணாது, திருப்பி எடுக்கப்போறன்" எண்டு ஒரே வசனம், அதுக்கு மேல விளக்கம் வேண்டாம். ஒளிச்சுத் திரிஞ்சா நாலு மாசத்துக்கு ஒளிக்க வேண்டி வரும், அந்தக் களைப்பு படிக்கிற களைப்பை விடக் கூட.

இனி முக்கியமான விசயம். விடாமுயற்சி எண்டால் கனநேரம் குந்தியிருந்து படிக்கிறது எண்டுதான் நானும் நினைச்சனான். ரிசல்ட் வந்த அடுத்த நாளே நோட்ஸ் கொப்பியைத் திறந்து முதல் பக்கத்தில இருந்து திருப்பி வாசிக்கத் தொடங்கினன், ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம், வீட்டிலயும் எல்லாருக்கும் சந்தோசம். அந்த வருசம் கார்த்திகை மழைக்கு அப்பான்ர வெங்காயம் அரைவாசி அழுகிப்போச்சு. அப்பா உடன விதை வெங்காயம் வாங்க ஓடேல்ல. அடுத்த மழை பெய்யேக்க சாக்கைத் தலையில போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள்ள போய் நிண்டவர், நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்கேக்க கேட்டனான் என்ன செய்யிறியள் எண்டு, "தண்ணி எங்க நிக்குதெண்டு பாக்கிறன்" எண்டார். கிழக்குப் பக்க மூலை பள்ளம், அந்தச் செம்மண்ணில தண்ணி வடியாம தேங்கி நிக்குது. மழை விட்ட கையோட மண்வெட்டியால அந்த மூலையில வாய்க்கால் வெட்டிப்போட்டுத்தான் திருப்பி நட்டவர். நானோ போனமுறை பிழைச்ச அதே வேலையை அதே வரிசையில இன்னொருக்காச் செய்துகொண்டிருக்கிறன். அண்டைக்கு இரவுதான் எனக்கு விளங்கினது.

அதால நீங்களும் முதல்ல தண்ணி நிக்கிற இடத்தைப் பாருங்கோ. ஒரு பாஸ்ட் பேப்பரை எடுத்து, மணிக்கூடு வைச்சு, கொப்பி ஒண்டையும் பாக்காம முழுசா எழுதுங்கோ, கண்டிப்பா அழுகை வரும், வந்தாலும் பரவாயில்லை எழுதி முடியுங்கோ. மார்க்கிங் ஸ்கீமை வைச்சு நீங்களே திருத்துங்கோ. பிறகு ஒரு தனிக் கொப்பி, நான் பிழைக் கொப்பி எண்டு பேர் வைச்சிருந்தன், அதில ஒவ்வொரு பிழைக்கும் நாலு வரி: கேள்வி என்ன, நான் என்ன எழுதினன், சரி என்ன, நான் ஏன் அப்பிடி எழுதினன். நாலாவது வரிதான் கஷ்டம். "கவலையீனம்" எண்டு எழுதினா அது பதில் இல்லை, கவலையீனம் எண்டு நாங்கள் சொல்லுறதில அரைவாசிக்கு மேல விளங்காமை.

என்ர கொப்பியில இருந்தே ஒண்டு சொல்லுறன். நிலையியல் கணக்குகளில பதினாலு பிழை எழுதிப்போட்டுப் பாத்தா அதில ஒன்பது ஒரே பிழை. உராய்வு எண்டு கண்டவுடன செவ்வன் மறுதாக்கத்தை (தளம் பொருளைச் செங்குத்தாத் தள்ளுற விசை) உராய்வுக் குணகத்தால பெருக்கி எழுதிப்போட்டன். அது பொருள் வழுக்கத் தொடங்கப்போற எல்லைச் சமநிலையில மட்டும்தான் சரி, மற்ற நேரத்தில உராய்வு அதை விடக் குறைவாயும் இருக்கும், சமன்பாட்டில இருந்துதான் எடுக்க வேணும். ரெண்டு வருசம் ரியூசன் போய், நூறு கணக்குக்கு மேல செய்து, இதை நான் கவனிக்கவேயில்லை. கவனிச்ச பிறகு அதைத் திருத்த மூண்டு பின்னேரம்தான் எடுத்தது.

வாசிக்கிறதை விட, மூடி வைச்சிட்டு ஞாபகத்தில இருந்து எழுதிப் பாக்கிறதுதான் நிக்கும். அமெரிக்காவில ரோடிகர், கார்ப்பிக் எண்டு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர் 2006இல இதைச் சோதிச்சுப் பாத்தவை: திருப்பித் திருப்பி வாசிச்ச மாணவர் ஐஞ்சு நிமிசம் கழிச்சுக் கேக்கேக்க கூடச் சொல்லிச்சினம், ஆனா ஒரு கிழமை கழிச்சுக் கேக்கேக்க, வாசிச்சதைத் தாங்களே நினைச்சு எழுதிப் பாத்தவைக்குத்தான் கூட ஞாபகம் இருந்தது. வாசிக்கேக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு சுகம் வரும், அந்தச் சுகத்தை நம்பாதேங்கோ. பரீட்சைத் திணைக்களத்தின்ர மதிப்பீட்டு அறிக்கையும் எடுத்துப் பாருங்கோ, எந்தக் கேள்வியில பிள்ளையள் கூடப் பிழை விட்டவை எண்டு அதில இருக்கும்.

இரவுப் படிப்புக்கு அம்மாவிட்டப் படிச்ச ஒண்டு இருக்கு. அம்மா ஏ.எல் படிக்கேக்க யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, 1990க்குப் பிறகு சண்டையால வருசக்கணக்கா அப்பிடித்தான், மண்ணெண்ணெய் நெருப்பு விலை, ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சமா விட்டு திரி போட்டு அந்த வெளிச்சத்திலதான் படிப்பு. எண்ணெய் வீணாகக் கூடாதெண்டு இரவு எதைப் படிக்கிறதெண்டு பகல் வெளிச்சத்திலயே ஒரு துண்டில எழுதி வைப்பாவாம், விளக்குக் கொளுத்தின பிறகு யோசிக்கிறதே இல்லை. 1995 ஒக்டோபரில சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் எல்லாம் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்ட நேரம் நோட்ஸ் எல்லாம் வீட்டிலயே விட்டிட்டுப் போனவ, அந்தத் துண்டுகள் கட்டின கொப்பி மட்டும் உடுப்புப் பைக்குள்ள கிடந்ததாம். எங்களுக்கு இப்ப எண்ணெய் பிரச்சினை இல்லை, ஃபோன்தான் பிரச்சினை. பின்னேரம் ஆறு மணிக்கு முதலே துண்டு எழுதுங்கோ, "கணிதம் படிக்கிறது" எண்டு இல்லை, "எறியம், ஐஞ்சு கணக்கு, பிழைக் கொப்பி 12ஆம் பக்கம்" எண்டு. மேசைக்கு வரேக்க ஃபோன் அம்மான்ர அறையில இருக்கட்டும்.

மூண்டாம் மாசம் ஒரு சோர்வு வரும், எல்லாருக்கும் வரும். கூடப் படிச்சவை கம்பஸ் ஃபோட்டோ போடுவினம், உங்கட மார்க்ஸ் அசையாது. அந்த நேரம் புதுப் பாடம் தொடங்காதேங்கோ, பிழைக் கொப்பியின்ர முதல் பத்துப் பக்கத்தைத் திருப்பிச் செய்து பாருங்கோ, அப்ப ஏலாததை இப்ப எழுதுவீங்கள். நல்லா நித்திரை கொள்ளுங்கோ, ஒரு ஞாயிறு பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் சைக்கிள் ஓடிப்போட்டு வாங்கோ.

சோதினை மண்டபத்துக்கும் விடாமல் நிக்கிற பழக்கம் வேணும். இணைந்த கணிதத்தில ஒரு பேப்பர் 3 மணித்தியாலம், ஏ பகுதி 10 கேள்விக்கும் ஒவ்வொண்டுக்கு 25 புள்ளி, பி பகுதியில 7இல 5க்கு ஒவ்வொண்டுக்கு 150 புள்ளி, ஆக 1000. அப்ப ஏ பகுதியில ஒரு கேள்விக்கு நாலரை நிமிசம், பியில ஒண்டுக்கு 27 நிமிசம். ஒரு கணக்கில 27 தாண்டினா இடம் விட்டிட்டு அடுத்ததுக்குப் போங்கோ, முடிவு வராட்டியும் எழுதின படிகளுக்குப் புள்ளி இருக்கு. பேப்பர் கஷ்டம் எண்டு கண்டவுடன கை சோராதேங்கோ, பல்கலைக்கழக அனுமதிக்குப் பாக்கிற இசட் ஸ்கோர் எண்டது உங்கட புள்ளி அந்தப் பாடத்துச் சராசரியில இருந்து எவ்வளவு மேல எண்டு பாக்கிறதுதான், உங்களுக்குக் கஷ்டமான பேப்பர் மற்றவைக்கும் கஷ்டம், சராசரியும் இறங்கும். நான் ரெண்டாந்தரம் எழுதேக்க கடைசி இருபது நிமிசத்தில எழுதின அரைகுறைக் கணக்குகள்தான் என்னைத் தூக்கிவிட்டதெண்டு இப்பவும் நம்பிறன்.

மூண்டாந்தரமும் எடுக்கிறதோ எண்டு கேக்கிற பிள்ளையளும் இருக்கினம். பிழைக் கொப்பியைக் கொண்டு வாங்கோ எண்டுதான் நான் சொல்லுறது. போன வருசப் பிழையள் குறைஞ்சு புதுப் பிழையள் வந்திருந்தா எடுங்கோ, நான் கூட நிப்பன். அதே பிழையள் அதே எண்ணிக்கையில நிண்டா, அந்தப் பாடத்தில உங்கட மனம் இல்லை, குருநகரில உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, கோப்பாயில கல்வியியற் கல்லூரி இருக்கு, அங்க போய் அதே பிடிவாதத்தோட படிக்கலாம். போன வருசம் அப்பிடி மாறிப்போன தங்கச்சி ஒராள் இப்பவும் துண்டு எழுதித்தான் படிக்கிறாவாம், போன கிழமை சந்தையில கண்டு சொன்னவ.