வீட்டில் பிரஷர் பார்க்கும்போது எங்கே பிசகுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளில் இப்போது பிரஷர் மெஷின் இருக்கிறது. அதில் வரும் எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். எண் பிசகினால் மருந்தும் பிசகும்.

கையை மடியில் போட்டுக்கொண்டு அளக்காதீர்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், மேசைமேல் கையைத் தாங்கி வைத்து அளந்ததைவிட மடியில் வைத்தபோது மேல் எண் சுமார் 4 கூடியது. பக்கத்தில் தொங்கவிட்டபோது 6.5 கூடியது. கை இதயத்துக்குக் கீழே இறங்க இறங்க, ரத்தத்தின் எடையும் அளவில் சேர்ந்துவிடுகிறது. சாப்பாட்டு மேசை தாழ்வாக இருந்தால் தலையணை வைத்து, கையில் சுற்றும் பட்டை நெஞ்சின் நடுவுக்கு நேராக வரும்படி கையை உயர்த்துங்கள்.

அதைவிடப் பெரிய கேடு பட்டையின் அளவில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் 2023 ஆய்வில், மிகப்பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 19.5 கூடியது. உண்மையில் 125 உள்ளவருக்கு 145 காட்டும். தேவையில்லாத மாத்திரை வாழ்நாள் முழுக்கத் தொடரும். தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையைச் சுற்றி அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். பல மெஷின்களோடு வருவது 22 முதல் 32 வரைதான்.

ஜூலைக் குளிரில் ஜெர்சியின் (ஸ்வெட்டரின்) கையைச் சுருட்டி மேலே தள்ளிவிட்டு அளக்கிறார்கள். அந்தச் சுருட்டல் கையை இறுக்கும். ஜெர்சியைக் கழற்றிவிடுங்கள், பட்டை வெறும் தோலில் படட்டும்.

காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, மாத்திரைக்கும் டீக்கும் முன்னால், முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும், மாலையிலும் அப்படியே. 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தத் தாளோடு கிளினிக்குக்குப் போங்கள். நல்ல எண்ணை மட்டும் பொறுக்கி எழுதிக் காட்டினால் டாக்டரால் உங்களுக்கு உதவ முடியாது.

ஒருமுறை எண் ஏறிவிட்டதென்று இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொள்வதும் ஆபத்து. திடீரென இறங்கித் தலைசுற்றி விழுவார்கள். ஆனால் 180/120க்கு மேல் போய், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் குழறல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் ஆம்புலன்ஸ் எண் 10177ஐ அழையுங்கள், கைப்பேசியிலிருந்து 112.