ஐந்து ரொட்டியை மூன்றாக்க முதலில் கடலையை அவியுங்கள்

மலைநாட்டுத் தோட்டங்களில் கோதுமை ரொட்டியைக் குறைக்கத் துணிகிறவர்கள் முதலில் எண்ணிக்கையில்தான் கை வைக்கிறார்கள். மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் பத்து மணிக்கே தேயிலை மலையில் கண் இருட்டும். பின்னேரம் கடையில் இரண்டு பணிஸ் வாங்கித் தின்றால் குறைத்த மா எல்லாம் வேறு வழியாக வயிற்றுக்குள் வந்துவிடும். இதில் மனஉறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையும் பகலும் ரொட்டிக்குத் துணை கட்டச் சம்பல் (இடித்த மிளகாய்ச் சம்பல்) மட்டும் என்றால், நாக்குக்கு உறைப்பைச் சம்பல் பார்த்துக்கொள்ளும், வயிற்றை நிரப்புவது முழுக்க ரொட்டியின் தலையில்தான் விழும். அதனால் முதலில் மாற்ற வேண்டியது கறி. ரொட்டிக்குப் பிறகு வருவோம்.

தொடங்குமுன் ஒன்று. சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் கிளினிக்கில் சொல்லிவிட்டுத்தான் குறைக்க வேண்டும். மருந்து அதே அளவில் இருக்க, மாச்சத்து மட்டும் குறைந்தால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வளரும் பிள்ளைகள் இவர்களின் தட்டில் ரொட்டியைக் குறைக்க வேண்டாம், கறியை மட்டும் கூட்டுங்கள்.

மாவை அளப்பது

தராசு தேவையில்லை. மாப் பையைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே திகதியை எழுதுங்கள். முடியும் நாளையும் எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ ஒரே நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 250 கிராம். மாவில் மட்டும் ஏறக்குறைய 875 கலோரி, தேங்காய்ப்பூவும் எண்ணெயும் தனி. பாணையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அதுவும் இதே மாதான். ரொட்டியைக் குறைத்துப் பாணைக் கூட்டுவது இடது பையிலிருந்து வலது பைக்குக் காசை மாற்றுவது போல.

(இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் தானியம் இது. 2022இல் மா விலை ஏறியபோது தட்டு காலியானதும் இதனால்தான்.)

கடலை: நிறையப் பேர் கைவிடும் இடம்

சிறிய மண்ணிறக் கொண்டைக்கடலை 250 கிராம் போதும். அவிந்தால் 550 கிராமுக்கு மேல் வரும், நான்கு பேருக்குத் தாராளம். ஆளுக்கு ஏறக்குறைய 12 கிராம் புரதமும் 10 கிராம் நார்ச்சத்தும் கிடைக்கும். பசியைத் தள்ளிப்போடுவது இவை இரண்டும்தான்.

ஆனால் மேல் மலையில் கடலை லேசில் அவியாது. "மூன்று மணித்தியாலம் அவித்தும் கல்லாக இருக்கிறது" என்று சலித்து மறுபடி சம்பலுக்குத் திரும்பியவர்கள் ஏராளம். காரணம் உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். 1,270 மீட்டர் உயரத்து ஹட்டனில் 96. விறகை எவ்வளவு தள்ளினாலும் திறந்த பானையில் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும்.

குளிர் இன்னொரு தடை. இரவில் குசினி 12, 13 பாகைக்கு இறங்கும் இடங்களில் பச்சைத்தண்ணீரில் போட்ட கடலை விடியும்போது மேலே மட்டும் ஊறியிருக்கும். ஒன்றைக் கத்தியால் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளையாக, காய்ந்த பொட்டு தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. அதை அடுப்பில் ஏற்றுவது வீண்.

செய்ய வேண்டியது இதுதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கடலையைக் கழுவி, ஒரு லீட்டர் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்க விட்டு, இறக்கி மூடி, அணைந்துகொண்டிருக்கும் அடுப்படியிலேயே வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி பிரஷர் குக்கரில் போடுங்கள். விசிலை எண்ணாதீர்கள். விறகடுப்பில் மிலாறு (காய்ந்த சுள்ளி) எரியும் வேகத்துக்கு விசிலும் கண்டபடி வரும். முதல் விசில் வந்ததும் விறகை இழுத்துத் தணலில் விட்டு 20 நிமிடம், நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் 25 நிமிடம். பிறகு ஆவி தானாக அடங்கட்டும்.

உப்பு போடலாம், பயப்பட வேண்டாம். புளி, தக்காளி, தேசிக்காய் மட்டும் கடலை மெத்தென்று ஆன பிறகுதான். புளிப்பு முன்பே சேர்ந்தால் தோல் இறுகிவிடும். குக்கர் இல்லாதவர்கள் ஒரு லீட்டர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா சேர்க்கலாம். கூடினால் சவர்க்கார வாசம் அடிக்கும். இவ்வளவு செய்தும் அவியாவிட்டால் கடலை பழையது. அடுத்த முறை கடையை மாற்றுங்கள்.

ஒரே ஒரு பாத்திரம் வாங்கக் காசு இருந்தால் நான்ஸ்டிக் தாச்சியை விட்டுவிட்டுக் குக்கரை வாங்கச் சொல்வேன். கௌபிக்கும் அதே முறை, 12 நிமிடம் போதும். பருப்புக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை, ஆனால் தண்ணீராக வைக்காதீர்கள். கரண்டியில் நிற்கும் பருப்பு வயிற்றிலும் நிற்கும்.

ஒரு வாரம் ரொட்டியைத் தொடாமல் இந்தக் கறியை மட்டும் கூட்டுங்கள். ஐந்து தின்றவர் நாலோடு எழும்பினால் அடுத்ததுக்குப் போகலாம்.

இப்போது ரொட்டி

வழக்கமாக 500 கிராம் மாவில் ஆறு ரொட்டி தட்டுகிறோம் என்றால் ஒன்றில் 83 கிராம் மா. இனி இப்படிப் பிசையுங்கள்: மா 400 கிராம், மெல்லியதாக அரிந்த லீக்ஸ், கோவா, துருவிய கரட் எல்லாம் சேர்த்து 200 கிராம், தேங்காய்ப்பூ 100 கிராம். இதில் ஒன்பது ரொட்டி. ஒன்றில் 44 கிராம் மாதான் இருக்கும். தட்டில் ஐந்து இருந்தாலும் உள்ளே போவது பழைய மூன்று ரொட்டிக்கும் குறைவான மா.

இதில் பிழைக்கும் இடம் தண்ணீர். மரக்கறியில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும். பிழிந்து, அந்தத் தண்ணீரிலேயே முதலில் பிசையுங்கள். போதாவிட்டால் மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள், மொத்தமாக ஊற்றினால் கையோடு ஒட்டும். பிறகு மா போட்டு இறுக்கினால் கணக்கு கெட்டது. ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் விடுங்கள். குளிரில் பத்து நிமிடம் போதாது, தட்டும்போது சுருங்கிக்கொள்ளும்.

மெல்லிய ரொட்டி பகலுக்குள் விறைத்துவிடும் என்பது உண்மைதான். சுட்டதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியில் சுற்றி, அது ஆறிய பின்தான் டப்பாவில் போட வேண்டும். தடித்த இரும்புக் கல் நல்லது. மெல்லிய அலுமினியத் தாச்சி ஓரத்தைக் காய வைத்து நடுவைப் பச்சையாக விடும்.

குரக்கன் சேர்க்க விரும்பினால் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதில் பசை இல்லாததால் பிளக்கும். குரக்கன் மாவை மட்டும் முதலில் கொதிதண்ணீரில் கிண்டி, ஆறிய பின் கோதுமை மாவோடு சேருங்கள். ஆட்டா மாவில் நார்ச்சத்து கூட இருந்தாலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்டா வாங்கும் காசில் கடலை வாங்கலாம்.

எந்த வேளையில் தொடங்குவது? இரவில். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பகல் ரொட்டியில் கடைசியாகத்தான் கை வைக்க வேண்டும்.

கேட்டவர்களுக்காகச் சேர்த்தவை

ரொட்டியோடு தேத்தண்ணி குடிக்கலாமா? தேத்தண்ணிச் சாயம் கடலையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடலில் முழுதாகச் சேரவிடாது. இரத்தக் குறைவு உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கறியில் இறக்கும்போது தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

கடலை வயிறு ஊதுகிறது என்றால் முதல் வாரம் ஆளுக்கு மூன்று மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள், ஊறிய தண்ணீரைக் கட்டாயம் ஊற்றிவிடுங்கள்.

தினமும் அவிக்க நேரமில்லாதவர்கள் ஞாயிறு ஒரே தடவை 500 கிராம் அவித்து வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று, நாலு நாள் இருக்கும். நுவரெலியாக் குளிரானாலும் வெளியே வைக்க வேண்டாம்.