குடைவதற்கு முன்பே சாயம்: கடைசல் கிண்ணத்துக்கு நிறம் ஏற்றுவது எப்படி?

கிண்ணத்தை உள்ளும் புறமும் கடைந்து, தேய்த்து, எல்லாம் முடிந்த பிறகுதான் பலரும் சாயத்தைக் கையில் எடுக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். விளிம்பைத் தாண்டி உள்பக்கம் சாயம் ஊறிவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டினாலும் பயனில்லை; டேப்புக்கு அடியில் இருக்கும் மரத்துளைகள் வழியாகவே சாயம் போய்ச் சேரும். வரிசையை மாற்றுங்கள். வெளிப்பக்கத்தை மட்டும் கடைந்து, சாயம் ஏற்றி, காயவைத்து, அதற்குப் பிறகு உள்ளே குடையுங்கள். உளி வெட்டிய இடமெல்லாம் புது மரம். எல்லைக்கோட்டை உளியே போட்டுவிடும்.

இங்கே செய்யப்போவது வெளியே கருப்பு, விளிம்புக்குக் கீழே ஒரு நிறப்பட்டை, உள்ளே வெறும் மரம். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கிண்ணம் கடையத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கட்டை

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ரப்பர் கட்டைதான் வசதி. ஆரியங்காவு வழியாகப் புனலூர்ப் பக்கமிருந்து வந்துவிடும். வெளிர் நிறம், சாயத்தை நன்றாகக் குடிக்கும். ஆனால் வெட்டிய சில நாளிலேயே நீலப் பூசணம் பிடிக்கும், பூச்சியும் துளைக்கும். அதனால் போராக்ஸ், போரிக் அமிலத்தில் பதம்செய்து உலர்த்திய கட்டையாகக் கேட்டு வாங்குங்கள். அந்த மருந்து ஏறியிருப்பதால் இந்தக் கிண்ணம் அலங்காரத்துக்குத்தான், சாப்பாட்டுக்கு ஆகாது. தேக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பசை உள்ள மரம், அதன் சொந்த நிறமும் அழுத்தம். நல்ல கட்டையும் வீண், சாயமும் வீண்.

150 மி.மீ. அகலம், 70 மி.மீ. கனம் போதும். முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கட்டை என்றால் குடைந்த பிறகு கோணும், பட்டையும் அதோடு கோணும்.

தேய்ப்பு

உப்புத்தாள் 120, 180, 240. ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, நாரோட்டத்தின் திசையிலேயே கையால் தேய்க்க வேண்டும். சுழற்சியில் விழும் வளையக் கீறல் வெறும் மரத்தில் தெரியாது, சாயம் பட்டதும் ஒன்றுவிடாமல் தெரியும். 240-க்கு மேல் போகாதீர்கள். மேற்பரப்பு பளபளத்துவிட்டால் சாயம் பிடிப்பது குறையும். கடைசியில் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்ததும் எழுந்து நிற்கும் நாரை 240-ஆல் மெல்லத் தடவி எடுங்கள். இன்ஸ்டன்ட் பசை சிந்திய இடத்தில் சாயம் ஏறாது, சுரண்டிவிடுங்கள்.

கருப்பு: கடுக்காயும் அன்னபேதியும்

கடையில் விற்கும் கருப்பு ஸ்டெயினை விட எனக்கு இதுதான் பிடிக்கும். இரண்டுமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதி என்ற உப்பில் இருக்கும் இரும்பும் நாருக்குள்ளேயே சேர்ந்து கருப்பாகின்றன. அது தண்ணீரிலும் கரையாது, ஸ்பிரிட்டிலும் (ஆல்கஹாலிலும்) கரையாது. இந்தக் குணம் பின்னால் உதவும்.

கடுக்காய்த் தூள் 20 கிராமை 250 மி.லி. வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். இன்னொரு கண்ணாடிப் பாட்டிலில் 250 மி.லி. தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி. அன்னபேதி வெளிர் பச்சையாக இருக்க வேண்டும்; பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு. கேட்கும்போது பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். நீலமாக ஒன்றைக் கொடுத்தால் அது மயில்துத்தம், செம்பு உப்பு, நச்சு.

கையுறை போட்டு, முதலில் கடுக்காய் நீரைப் பூசி காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு. ரப்பர் மரத்தில் இயல்பாகத் துவர்ப்புச் சத்து குறைவு, இதைத் தவிர்த்தால் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். நன்றாகக் காய்ந்த பிறகு அன்னபேதி நீர். பூசிக்கொண்டிருக்கும்போதே மரம் கருக்கத் தொடங்கும். போதாது என்று தோன்றினால் அன்னபேதியைக் கூட்டாதீர்கள், துருப்பழுப்பு தட்டும். கடுக்காயையே இன்னொரு முறை பூசுங்கள். ஒரு நாள் கழித்து ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

காய்கிற வரை லேத்தை விட்டு எடுக்க வேண்டுமென்றால் சக்கோடு (கட்டையைக் கவ்வும் பிடியோடு) சேர்த்தே கழற்றி வையுங்கள். கிண்ணத்தைச் சக்கிலிருந்து பிரித்து மறுபடி மாட்டினால் ஆட்டம் வரும்.

நிறப்பட்டை

விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே, கூர் உளியின் முனையால் 1 மி.மீ. ஆழத்துக்கு ஒரு காடி போடுங்கள். காடிக்கு மேலே இருக்கும் கருப்பை உளியாலேயே சீவி எடுத்தால் புது மரம் வந்துவிடும். 240-ஆல் தேய்த்துக்கொள்ளுங்கள். காடி நாரை அறுத்துவிடுவதால் நிறம் கீழே ஊறாது, கொஞ்சம் தாண்டினாலும் கருப்பில் தெரியாது.

சாயம்: ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தூள் 3 கிராம், ஐசோபுரொபைல் ஆல்கஹால் 100 மி.லி. பட்டையைச் சுற்றி வரும்போது எதிரெதிராக இரண்டு இடத்தில் நாரின் முனை வரும். அங்கே சாயம் அதிகமாக ஊறி இருண்ட திட்டாக நிற்கும். அந்த இரண்டு இடத்திலும் முதலில் வெறும் ஆல்கஹாலைத் தடவிவிட்டு உடனே சாயம் பூசினால் திட்டு குறையும்.

லேத்தைக் கையால் உருட்டிக்கொண்டே பூசுங்கள். சுழலும் கிண்ணத்தில் துணி வைக்கக் கூடாது, விரலோடு சுற்றிக்கொள்ளும். டிஷ்யூ பேப்பர் என்றால் கிழிந்துவிடும். ஆல்கஹால் தீப்பற்றும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மேற்பூச்சு: எல்லோரும் கோட்டை விடும் இடம்

ஸ்பிரிட் சாயத்தின் மேல் ஷெல்லாக்கை (அரக்கு மெருகை) துணியால் தேய்த்தால் சாயம் கழன்று துணியோடு வந்துவிடும். ஷெல்லாக்கும் ஸ்பிரிட்டில்தானே கரைகிறது! தண்ணீர்ச் சாயத்தின் மேல் தண்ணீர் வார்னிஷ் அடித்தாலும் இதே கதைதான். சாயம் எதில் கரைகிறதோ அதில் கரையாத பூச்சாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடுக்காய்க் கருப்புக்கு இந்தக் கவலையே இல்லை.

நம் பட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். மெல்லிய பூச்சு, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். எண்ணெய் மஞ்சளேறுவதால் நீலப் பட்டை பச்சை தட்டும். நீலம்தான் வேண்டுமென்றால் தெளிவான அக்ரிலிக் ஸ்ப்ரே, அதுவும் பனித்தூறலாக இரண்டு மூன்று முறை. தேங்காய் எண்ணெய் பக்கமே போகாதீர்கள். அது காயாது.

பூச்சு இறுகிய பிறகு குடையத் தொடங்குங்கள். விளிம்பில் நுழையும் முதல் வெட்டுக்கு முன் உளியைத் தீட்டிக்கொள்ளுங்கள். மொண்ணை உளி விளிம்பைப் பிய்க்கும், பிய்ந்த இடத்தில் பட்டையும் போய்விடும். 8 மி.மீ. சுவர் விட்டுக் குடைந்து, தேய்த்து, உள்ளே அதே எண்ணெய்.

பின்சேர்க்கை

பலாக் கட்டையில் செய்து கருப்புக்குப் பதில் பாசிப் பழுப்பு வந்ததாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். பலாவின் மஞ்சள் நிறச் சத்தும் இரும்போடு சேருவதால் அப்படி. எனக்கு அந்த நிறமும் அழகாகத்தான் படுகிறது.

பட்டைக்கு மஞ்சள் தூள் போடலாமா? வெயிலில் வெளுத்துவிடும். சோப்பு பட்டால் சிவக்கும், சுண்ணாம்பு சேர்ந்து குங்குமம் ஆவதும் இந்தக் குணத்தால்தான்.

சாரல் காலத்தில் ஷெல்லாக் பாலாக வெளுக்கிறது என்பவர்களுக்கு: காற்றின் ஈரம் உள்ளே சிக்கிக்கொள்கிறது. வெயில் அடிக்கும் நாளின் நடுப்பகலில் பூசுங்கள். ஏற்கெனவே வெளுத்திருந்தால் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்ட துணியால் மெல்லத் தடவினால் தெளியும். ஆனால் அடியில் ஸ்பிரிட் சாயம் இருந்தால் அதைச் செய்யாதீர்கள், வறண்ட அறையில் வைத்துக் காத்திருங்கள்.