அரிசி டப்பாவிலிருந்து புக்கிட் தீமா வரை: வண்டுக் குடும்பங்களை இனங்காணும் முறை

சிங்கப்பூரில் வண்டுகளைப் பற்றிக் கற்கத் தொடங்குபவர் முதலில் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சமையலறை அலமாரியே போதும். நெடுநாள் திறக்கப்படாத அரிசி டப்பா, மூலையில் மறந்துபோன பாசிப்பயறுப் பொட்டலம், ஊரிலிருந்து அரைத்துக் கொண்டுவந்த மல்லித்தூள், பாதி தீர்ந்த கோதுமை மாவுப் பை ஆகிய நான்கையும் வெள்ளைத் தாளில் தனித்தனியே கொட்டிப் பார்த்தால், நான்கு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த வண்டுகள் கிடைக்கக்கூடும். நான்கும் ஏறக்குறைய பழுப்பு நிறம்; நான்கும் 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளம். வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: வண்டு விழுந்துவிட்டது என்போம். ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியின் கீழ் வைத்தவுடன் அவற்றின் தலை, உணர்கொம்பு, பாதம் எல்லாம் வேறு வேறாகத் தெரிகின்றன. நிறத்தையும் பருமனையும் ஒதுக்கிவைத்து இவ்வுறுப்புகளைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, காட்டில் காணும் வண்டையும் அதே வழியில் வகைப்படுத்த முடியும். அந்தப் பழக்கத்தை எந்த வரிசையில் வளர்த்துக்கொள்வது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில், அது வண்டுதானா?

தமிழில் வண்டு என்னும் சொல் மிகப் பரந்தது. பூக்களை மொய்த்து ரீங்கரிக்கும் வண்டு என்று நம் செய்யுள்களில் வருபவற்றுள் பல தேனீ இனத்தவை. மரச்சட்டத்தில் வட்டமாகத் துளையிடும் பெரிய கருவண்டும் தச்சுத் தேனீயே. இங்கு வண்டு என்று சொல்வது கோலியாப்டெரா என்னும் பூச்சி வரிசையை மட்டுமே. உறை, சிறகு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. இவ்வரிசையில் இதுவரை ஏறத்தாழ 4,00,000 இனங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெயரே முதல் சோதனையையும் தருகிறது. வண்டின் முன்சிறகுகள் இரண்டும் கெட்டித்து உறையாக மாறியுள்ளன. அவை ஒன்றன்மேல் ஒன்று படியாமல், முதுகின் நடுவில் ஒரே நேர்க்கோட்டில் சந்திக்கின்றன. பறக்கப் பயன்படும் மெல்லிய பின்சிறகுகள் அவற்றின் அடியில் மடிந்து கிடக்கும். நாவாய்ப்பூச்சிகளுக்கோ முன்சிறகின் முனைப்பகுதி மட்டும் சவ்வாக இருந்து, ஒன்றன்மேல் ஒன்று படிவதால் முதுகில் பெருக்கல்குறி போன்ற வடிவம் தெரியும். கீழே திருப்பினால் கடிக்கும் தாடைக்குப் பதிலாக உறிஞ்சும் ஊசிவாய் இருக்கும். கரப்பான்பூச்சியின் சிறகுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவையே, அதன் வால்முனையில் இரண்டு குறுநீட்சிகளும் உண்டு. ஆகவே எதைப் பார்த்தாலும் முதுகுக்கோட்டை முதலில் தேடுங்கள்.

இச்சோதனையில் தடுமாற வைக்கும் பெருங்குடும்பம் ஒன்று உண்டு. 60,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஸ்டாஃபிலினிடே குடும்பத்தில் உறைச்சிறகுகள் மிகக் குட்டையானவை. வயிற்றின் பெரும்பகுதி திறந்தே இருப்பதால் எறும்பு என்றோ இடுக்கிவால்பூச்சி என்றோ எண்ணத் தோன்றும். வால்முனையில் இடுக்கி இல்லை, குட்டையாயினும் சிறகுகள் நேர்க்கோட்டில் சந்திக்கின்றன என்பதை வைத்து அதை வண்டு என்று உறுதிசெய்யலாம். இக்குடும்பத்தை அறிந்திருப்பது அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு உடல்நலத்துக்கும் தேவையானது. இரவு விளக்கொளியைத் தேடி வீட்டுக்குள் வரும் பெடெரஸ் என்னும் வண்டு இதைச் சேர்ந்தது: கருந்தலை, ஆரஞ்சு நிற மார்பு, நீலம் கலந்து மின்னும் குட்டைச் சிறகுகள், கருத்த வால்முனை. அது கடிப்பதில்லை. அதை உடலில் வைத்து நசுக்கினால் வெளிப்படும் பெடெரின் என்னும் நச்சுதான் ஓரிரு நாளில் தீக்காயம் போன்ற கொப்புளத்தை உண்டாக்குகிறது. எனவே கையால் அடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே வண்டுக் குடும்பம் எதுவென்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

புரட்டிப் பாருங்கள்

வண்டின் முதுகு கவர்ச்சியானது. வகைப்பாட்டின் பெரும்பிரிவு அதன் அடிப்பக்கத்தில் உள்ளது. சமையலறை வண்டாயின் ஓர் இரவு உறைபெட்டியில் வைத்து, மறுநாள் மல்லாக்கப் போட்டுப் பார்க்கலாம். பின்கால்கள் உடலோடு சேருமிடத்தில் உள்ள அடிக்கணுவைக் கவனியுங்கள். அது உடலோடு அசையாமல் ஒட்டி, பின்னோக்கி நீண்டு, வயிற்றின் முதல் தகட்டை இடமும் வலமுமாகப் பிரித்துவிட்டிருந்தால் அந்த வண்டு அடிஃபாகா என்னும் துணைவரிசையைச் சேர்ந்தது. முதல் தகடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை முறியாமல் ஓடினால் அது பாலிஃபாகா. வண்டினங்களில் மிகப் பெரும்பான்மை பாலிஃபாகாவே. மற்ற இரு துணைவரிசைகள் மிகச் சிறியவை. தொடக்கநிலையில் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அடிஃபாகா வண்டுகள் பெரும்பாலும் வேட்டையாடிகள். கராபிடே குடும்பத்துத் தரைவண்டுகளுக்கு நூல்போன்ற உணர்கொம்பும் ஓடுவதற்கேற்ற நீண்ட கால்களும் இருக்கும். தலை பொதுவாக, அதை அடுத்துள்ள மார்புப் பகுதியாகிய முன்மார்பைவிடக் குறுகியது. புலிவண்டுகளுக்கோ கண்கள் புடைத்துத் தலை முன்மார்பைவிட அகன்று நிற்கும், தாடைகள் அரிவாள்போல் வளைந்து ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். வெயில் விழும் மணற்பாதையில் நாம் நெருங்கும்போதெல்லாம் சில அடி பறந்துபோய் மீண்டும் அமரும் நீலப்பச்சை வண்டைக் கண்டால் அது பெரும்பாலும் புலிவண்டே. புலிவண்டுகளைத் தனிக் குடும்பமாகக் கொள்வோரும் உண்டு, கராபிடேயின் உட்பிரிவாகக் கொள்வோரும் உண்டு. இரு வழக்குகளும் நூல்களில் காணப்படுவதால் குழம்ப வேண்டாம்.

உணர்கொம்பும் பாதமும்

இனி அரிசி டப்பாவுக்குத் திரும்புவோம், ஏனெனில் பாடம் அங்குதான் செறிவாக இருக்கிறது.

அரிசியில் கிடைக்கும் வண்டின் தலை முன்னோக்கி நீண்டு மூக்குப்போல் ஆகியிருக்கும். அந்த மூக்கின் நுனியில் தாடைகளும், பக்கவாட்டில் உணர்கொம்புகளும் உள்ளன. உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கி, முனையில் சிறு குமிழுடன் முடிகிறது. நீண்ட மூக்கும் மடங்கிய உணர்கொம்பும் சேர்ந்து கண்டால் கர்குலியோனிடே, அதாவது கூன்வண்டுக் குடும்பம். ஆனால் அரிசியிலேயே இன்னொரு வண்டும் வாழ்கிறது: உருளை வடிவில், மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாதபடி முன்மார்புத் தகடு முக்காடுபோல் மூடியிருக்கும். அது போஸ்ட்ரிக்கிடே குடும்பத்தின் நெல் துளைப்பான். எந்தத் தானியத்தில் கிடைத்தது என்பதை வைத்து மட்டும் பெயர் சொல்லக் கூடாது என்பதற்கு இவ்விரண்டும் நல்ல சான்று.

பயறில் கிடைப்பது வேறு. உருண்டு திரண்ட உடல், உறைச்சிறகுகள் குட்டையாக இருப்பதால் வயிற்றின் கடைசித் தகடு பின்னால் வெளித்தெரியும். நீண்ட மூக்கு இல்லை. பயறின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் அதன் முட்டைகள், வட்டமான துளை அது வெளியேறிய வழி. முன்பு இதற்கு புரூக்கிடே என்று தனிக் குடும்பமே இருந்தது. இப்போது இலைவண்டுகளின் குடும்பமாகிய கிரைசோமெலிடேவுக்குள் ஓர் உட்பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். பழைய கையேடு ஒன்றும் புதிய கையேடு ஒன்றும் முரண்பட்டால் இப்படிப்பட்ட மாற்றமே காரணமாக இருக்கக்கூடும். விலங்கியல் பெயர்களில் ‘இடே’ என்று முடிவது குடும்பம், ‘இனே’ என்று முடிவது துணைக்குடும்பம் என்பதை நினைவில் வைத்தால், புரூக்கிடே என்பது புரூக்கினே ஆனதன் பொருள் உடனே விளங்கும்.

மல்லித்தூள் வண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். தலை கீழ்நோக்கி மடிந்து, முதுகு கூனலாகத் தெரியும். உணர்கொம்பின் கணுக்கள் ரம்பப் பற்கள்போல் ஒருபுறம் நீட்டிக்கொண்டிருந்து, உறைச்சிறகு கோடுகளின்றி வழவழப்பாக இருந்தால் அது சிகரெட் வண்டு. உணர்கொம்பின் கடைசி மூன்று கணுக்கள் மட்டும் பெரிதாகி, சிறகில் வரிவரியாகக் கோடுகள் இருந்தால் அது அதன் உறவான மருந்துக்கடை வண்டு. இரண்டுக்கும் குடும்பம் ஒன்றே: டினிடே.

மாவு வண்டு செந்தவிட்டு நிறமும் தட்டையான உடலும் கொண்டது. இதன் குடும்பமான டெனிப்ரியோனிடேவை உறுதிசெய்யப் பாதக்கணுக்களை எண்ண வேண்டும். முன்காலிலும் நடுக்காலிலும் ஐந்தைந்து கணுக்கள், பின்காலில் நான்கு. இதை 5-5-4 என்று எழுதுவார்கள். இவ்வளவு சிறிய வண்டில் இதை எண்ணப் பத்து மடங்குக் கண்ணாடி போதாது. இருபது மடங்கு வேண்டும், பொறுமையும் வேண்டும். பெரிய கருவண்டு ஒன்று மரப்பட்டையில் கிடைத்து, தரைவண்டா இதுவா என்று ஐயம் எழும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும்: தரைவண்டுக்கு 5-5-5.

பாதக்கணுக்களில் ஒரு மறைவும் உண்டு. இலைவண்டு, நீள்கொம்பு வண்டு, கூன்வண்டு ஆகியவற்றின் பாதத்தில் நான்கு கணுக்களே இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் ஐந்து. மூன்றாம் கணு இரு மடலாக விரிந்திருக்க, அதன் பிளவுக்குள் மிகச் சிறிய நான்காம் கணு ஒளிந்திருக்கிறது. பொறிவண்டுக்கு மூன்று தெரியும், உள்ளவை நான்கு. எனவே குறிப்பேட்டில் எழுதும்போது ‘தெரிபவை நான்கு’ என்று எழுதுவதே நேர்மையானது.

ஒன்றுபோல் தெரிபவை

சமூகத் தோட்டத்தில் கத்தரி வளர்ப்பவர்கள் புள்ளியிட்ட வட்ட வண்டைக் கண்டவுடன் நன்மை செய்யும் பொறிவண்டு என்று விட்டுவிடுகிறார்கள். பொறிவண்டுகளின் காக்சினெல்லிடே குடும்பத்தில் அசுவினியைத் தின்பவை மிகுதியெனினும், கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வகையும் அதே குடும்பமே. அதன் முதுகு பளபளப்பின்றி நுண்மயிர் போர்த்தியிருக்கும். கங்கோங் இலையிலும் கடற்கரை அடம்பங்கொடியிலும் காணும் ஆமைவண்டும் வட்டமானதுதான். அதன் உடல்விளிம்பு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவத் தகட்டாக விரிந்திருக்கும். உணர்கொம்பு பொறிவண்டினதுபோல் குட்டையாகக் குமிழில் முடியாது. அது இலைவண்டுக் குடும்பம்.

பொன்வண்டு என்று நாம் போற்றுபவை புப்ரெஸ்டிடே. உலோகம்போல் மின்னும் கெட்டியான உடல் பின்னோக்கிக் கூம்பும், ரம்பம் போன்ற உணர்கொம்பு குட்டையாக இருக்கும். இதே வடிவத்தில் எலாட்டெரிடே குடும்பத்துச் சொடுக்கு வண்டும் உண்டு. முன்மார்புத் தகட்டின் பின்மூலைகள் முள்போல் கூர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மல்லாக்கப் போட்டால் ‘டக்’ என்று துள்ளி எழுகிறதா என்றும் பாருங்கள். மார்பின் அடியில் உள்ள முளை ஒரு குழிக்குள் விசையுடன் பாய்வதால் எழும் துள்ளல் அது. பொன்வண்டால் அப்படித் துள்ள முடியாது.

தென்னையில் இரு பகைகள். காண்டாமிருக வண்டின் உணர்கொம்பு முனையில் ஏடுகள் விசிறிபோல் விரிந்து மூடும், அது ஸ்காரபெய்டே. சிவப்புக் கூன்வண்டின் மடங்கிய உணர்கொம்பும் நீள்மூக்கும் அரிசியில் பார்த்தவையே, அளவு மட்டும் பெரிது. ஏடுகள் இருந்தும் அவை ஒன்றோடொன்று இறுக மூடாமல், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருந்தால் மான்கொம்பு வண்டுகளின் லுகானிடே குடும்பத்தை எண்ண வேண்டும்.

நீர்வண்டுகளில், நூல்போன்ற உணர்கொம்புடன் பின்கால் இரண்டையும் ஒருசேர வீசி நீந்துவது டைட்டிசிடே, குமிழ் உணர்கொம்புடன் கால்களை மாற்றி மாற்றி அசைப்பது ஹைட்ரோஃபிலிடே. மின்மினிகளின் லாம்பிரிடே குடும்பத்தில் உறைச்சிறகு மென்மையானது. முன்மார்புத் தகடு தலையை மூடும், வயிற்றின் முனையில் ஒளியுறுப்பு இருக்கும். நீ சூன் சதுப்புக் காட்டில் கண்டறியப்பட்ட மின்மினி ஒன்றுக்கு 2021-இல் லூசியோலா சிங்கப்பூரா என்று பெயர் சூட்டினார்கள். இவ்வளவு நெருக்கமான நகரில் இன்றும் பெயரில்லாத வண்டுகள் வாழ்கின்றன என்பது என்னை நெகிழவைக்கும் செய்தி.

புக்கிட் தீமாவில்

1854-இல் இத்தீவுக்கு வந்த பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், புக்கிட் தீமாப் பகுதியில் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டில் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 700 வண்டினங்களைச் சேர்த்தார். அவற்றுள் 130 நீள்கொம்பு வண்டுகள். சீனத் தொழிலாளர்கள் வெட்டிச் சாய்த்த மரங்களும் மரத்தூளும் அவருக்கு வளமான இடங்களாயின. நாமும் விழுந்த மரங்களின் அருகே நின்று பார்ப்பதே நல்லது. உடலைவிட நீண்ட உணர்கொம்பு இருந்தால் நீள்கொம்பு வண்டு என்று சொல்லிவிடலாம், ஆனால் சில இனங்களில் அது அவ்வளவு நீளாது. அப்போது கண்ணைப் பாருங்கள். கண் சிறுநீரக வடிவில் வளைந்து, உணர்கொம்பின் அடியை அணைத்தபடி இருக்கும்.

இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி எதையும் பிடித்துச் செல்லக் கூடாது. ஆகவே படமே நம் மாதிரி. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, உணர்கொம்பு நெருக்கமாக ஒன்று, இலை விளிம்பிலோ தண்டிலோ ஏறும் தருணத்தில் பாதமும் அடிப்பக்கமும் தெரிய ஒன்று என ஐந்து படங்கள் எடுங்கள். முதுகுப் படம் மட்டும் இருபது எடுத்து வருவதால் பயனில்லை. தேதி, இடம், அமர்ந்திருந்த செடி அல்லது மரத்தின் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். பிறகு கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குச் சென்று, காட்சிக்கு வைத்திருக்கும் வண்டுகளோடு உங்கள் படங்களை ஒப்பிடலாம். இனப்பெயர் தெரியாவிட்டால் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, எந்த உறுப்பைக் கண்டு அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை அதன் கீழ் ஒரு வரியில் குறியுங்கள்.