பழைய சீலிங் ஃபேன்: சத்தத்தையும் வேகக் கோளாறையும் நாமே சரிசெய்வது எப்படி?

எங்கள் ஹாலில் ஓடுவது அப்பா வாங்கிப் போட்ட 48 அங்குல ஃபேன். போன கோடையில் உறுமத் தொடங்கியது. ரெகுலேட்டரை 5-இல் வைத்தாலும் காற்று வரவில்லை. "புதுசு வாங்கிடுங்க சார்" என்றார் பார்க்க வந்தவர். நல்ல செம்புக் காயில் உள்ள ஃபேனைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. நானே சரிசெய்தேன்; நூறு ரூபாய் கண்டென்சரும் (மோட்டார் கிளம்பிச் சுற்ற உதவும் சின்னப் பாகம்) ஒரு ரெகுலேட்டரும்தான் செலவு.

முதலில் காதைக் கொடுங்கள்

எதையும் கழற்றும் முன் ஃபேனை வேகமாக ஓடவிட்டு ஸ்விட்சை அணையுங்கள். றெக்கை நிற்கும்வரை கவனித்துக் கேளுங்கள். அணைத்த நொடியே உறுமல் நின்றால் கோளாறு மின்சாரப் பக்கம்; அதற்குக் கீழே ரெகுலேட்டர் பற்றிய பகுதியைப் பாருங்கள். கரண்ட் போன பிறகும் 'கரகர', 'டிக் டிக்' என்று தொடர்ந்தால் பேரிங், றெக்கை, கப்பு (ராடில் இருக்கும் கிண்ணம் போன்ற மூடி) இவற்றில் ஏதோ ஒன்று. பலர் இதைச் செய்யாமல் நேராகப் பேரிங்கை மாற்றிவிட்டு, உறுமல் போகவில்லையே என்று நிற்கிறார்கள்.

சத்தம் தொடர்ந்தால்

மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள். ஸ்விட்ச் மட்டும் போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள், அணைத்தாலும் ஃபேனில் ஃபேஸ் ஒயரின் கரண்ட் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

றெக்கை ஸ்க்ரூக்களை முறுக்குங்கள். மேல் கப்பு ராடில் உரசுகிறதா பாருங்கள். 'டிக் டிக்' பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஹூக்கில் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அங்கே போல்ட்டின் முனையில் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா, கால்கள் விரிந்திருக்கின்றனவா என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஃபேன் கீழே விழாமல் காப்பது அந்தச் சின்னக் கம்பிதான்.

ஃபேன் ஆடினால், ஒவ்வொரு றெக்கை நுனிக்கும் கூரைக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மாறினால் அந்த றெக்கையின் தண்டு வளைந்திருக்கிறது. வேறு ஃபேனின் ஒற்றை றெக்கையை எடுத்து மாட்டாதீர்கள், எடை ஒத்துப்போகாது.

பேரிங்தான் என்றால் கடையில் கொடுத்து மாற்றுவதே நல்லது. அதைப் பிடுங்கப் புல்லர் வேண்டும், காயிலில் அடிபட்டால் ஃபேனே போய்விடும். மூடிய பேரிங்கில் எண்ணெய் விட்டும் பயனில்லை, தூசிதான் ஒட்டும்.

வேகம் சரியில்லையென்றால்

இதில் குற்றவாளி ரெகுலேட்டரா, கண்டென்சரா என்று தெரிய வேண்டும். மெயினை அணைத்து, ரெகுலேட்டரில் உள்ள இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றாகச் சேர்த்து, கனெக்டர் போட்டு இன்சுலேட் செய்யுங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில் பறந்தால் ரெகுலேட்டர்தான் கெட்டது. அப்போதும் மெதுவாகச் சுற்றினால், அல்லது கையால் தள்ளினால்தான் கிளம்பும் என்றால், கண்டென்சரை மாற்றுங்கள்.

பெரும்பாலான 48 அங்குல ஃபேன்களுக்கு 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். பழையதன் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். வேகம் கூடும் என்று 4 மைக்ரோஃபாரட் போட்டுத் தருபவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள், காயில் சூடேறிக் கருகும். பழையதைத் தொடும் முன் இன்சுலேஷன் பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவரால் அதன் இரு முனைகளையும் இணைத்துச் சார்ஜை இறக்குங்கள். கழற்றும் முன் ஒயர்களை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன ரெகுலேட்டர் வாங்குவது?

நான் சொல்வது கண்டென்சர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர்தான். டிம்மர்போல் விடாமல் திருகும் எலக்ட்ரானிக் வகை, மின் அலையைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும். நடு வேகத்தில் வரும் உறுமல் அதனால்தான். 5-க்குக் கொண்டுபோனால் உறுமல் குறைகிறதா பாருங்கள், குறைந்தால் காரணம் அதுவே. பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் உறுமாது, ஆனால் மெதுவாக ஓட்டினால் கரண்டைச் சூடாக வீணாக்கும்.

பின்சேர்க்கை: கண்டென்சர் மாற்றியபின் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது, காற்றே இல்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். சப்ளை ஒயர் கண்டென்சரின் மறுகாலோடு சேர்ந்துவிட்டது. மெயினை அணைத்து அந்த ஒயரை மட்டும் கண்டென்சரின் இன்னொரு காலுக்கு மாற்றினால் சரியாகிவிடும். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் வைத்திருப்பவர்களுக்குக் கண்டென்சர், ரெகுலேட்டர் பற்றிச் சொன்னது எதுவும் பொருந்தாது. அதற்கு ரெகுலேட்டரே போடக்கூடாது.